முக்காடு போட்ட வார்த்தைகள்

சமனாபாத், லாகூர்
14 செப்டம்பர் 1996

நுஸ்ஹத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று அம்மா பழக்கிவிட்டார், அதனால் சொல்கிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருப்பதால்தானே இந்த வேலையெல்லாம் செய்ய முடிகிறது.

'தெஹ்லீஸ்' பத்திரிகையின் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஒரு மாதமாக ஒரு பத்தி வருகிறது. 'பக்கத்து வீட்டுக்காரி' என்று போட்டிருக்கிறார்கள், வேறு பெயர் இல்லை. நேற்று வந்ததில் ஒரு துண்டை அப்படியே எழுதுகிறேன்: "எங்கள் பக்கத்து வீட்டு மேடம் புது சோபாவுக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு, அந்தக் கவருக்கு மேல் ஒரு பெட்ஷீட்டும் போட்டிருக்கிறார். உட்காருகிறவர் ஸ்லிப் ஆகிக் கீழே விழுந்தால் அது கெஸ்டின் மிஸ்டேக்."

அது என் சோபா. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி மிஸஸ் லோதி. பால்காரன் கணக்கைக் குறித்து வைக்கவே சோம்பல் படுகிறவள் அவள். பத்தி எழுதுகிறாளாம், பத்தி!

அந்த உருதுவுக்குள் வருகிற இங்கிலீஷை எனக்குத் தெரியும், நுஸ்ஹத். ஜாடியை உடைத்துவிட்டு நீ 'தப்பு பண்ணிட்டேன்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'மிஸ்டேக் ஆயிடுச்சு ஆபா' என்று இந்த அக்காவிடம் வந்து நிற்பாய். தப்பு என்றால் அடி விழும், மிஸ்டேக் என்றால் யாரோ வெளியூர்க்காரர் செய்தது போல இருக்கும். அதே மிஸ்டேக் இப்போது அச்சில் வந்திருக்கிறது.

அரீபாவுக்கு நிச்சயமாகிவிட்டது உனக்குத் தெரியாது. டிசம்பரில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் கிர்மானி குடும்பம், மரியாதைப்பட்டவர்கள், 'தெஹ்லீஸ்' வாங்குகிறவர்கள். நேற்று மாலை பேகம் கிர்மானி வந்து அந்த சோபாவில் உட்கார்ந்தார். கொஞ்சம் சறுக்கினார். சிரித்துக்கொண்டே, "பஹன், நான் ஸ்லிப் ஆனா அது என் மிஸ்டேக்தானே?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பெட்ஷீட்டை இழுத்துச் சரிசெய்தேன்.

அவர்களைப் பொறுத்தவரை நீ கணவரோடு துபாயில் இருக்கிறாய். அது அப்படியே இருக்கட்டும். இன்று சோபாவை எழுதியவள் நாளை உன் கதையையும் எழுதுவாள். எழுதினால் என் மகளின் கல்யாணம் நின்றுவிடும்.

உன் துல்ஹா பாய், அதுதான் அரீபாவின் அப்பா, அந்தப் பத்தியைப் படித்துவிட்டு டீக்கோப்பையைத் தட்டில் 'டங்'கென்று வைத்தார். "இது உருதுவா? பாலில் மண்ணெண்ணெய் ஊத்தின மாதிரி! எவ இப்படி எழுதறா?" என்று கத்தினார். பாரசீகம் கற்றுத் தருகிற மனுஷன். இந்த வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் யார் இங்கிலீஷ் வார்த்தை சொன்னாலும் எழுந்து போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது அவர் சட்டம். அவருக்கே பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

போன் செய்யாதே. போன் கூடத்தில் இருக்கிறது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஃபர்கந்தா


நாஜிமாபாத், கராச்சி
23 செப்டம்பர்

அன்புள்ள ஆபா,

வஅலைக்கும் அஸ்ஸலாம். ஆறு வருஷத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து நின்றபடியே பிரித்தேன். சோபாவுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்று தெரிந்ததும் உட்கார்ந்தேன்.

அந்தப் பத்தியை நான் எழுதவில்லை. அம்மாவின் மேல் ஆணை. நான் லாகூரை விட்டுக் கிளம்பியபோது உன் கூடத்தில் பிரம்பு நாற்காலிகள்தான் இருந்தன. உன் சோபாவை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. வாங்கியதற்கு முபாரக். பிளாஸ்டிக்கை எடுத்துவிடு, வெயிலில் நாறும்.

துபாயில் நான் நலமாக இருப்பது குறித்தும் மகிழ்ச்சி. அங்கே வெயில் எப்படி? என் கணவர் என்ன தொழில் செய்கிறார்? யாராவது கேட்டால் நான் திணறக் கூடாது பார், அதனால் கேட்கிறேன்.

மிஸ்டேக் என்று சொல்கிறவள் பாகிஸ்தானிலேயே நான் ஒருத்திதானா? நம் ஜனங்கள் வெட்கப்படுகிற ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில்தான் பேர் வைத்திருக்கிறார்கள். கர்ப்பம் என்று எவன் வாய்விட்டுச் சொல்கிறான்? பெண்டாட்டி என்று சொல்லக் கூச்சப்பட்டு 'மை வைஃப்' என்கிறவனை நீ பார்த்ததே இல்லையா? உன் தெருவில் நூறு பேர் இருப்பார்கள். அவர்களையும் சந்தேகப்படு, பாரபட்சம் காட்டாதே.

வெளியே இருந்து கண் வைக்கிறவர்களைத் தேடுகிறாய். வீட்டுக்குள் வந்து போகிறவர்களை முதலில் பார். இதற்கு மேல் எனக்குச் சொல்ல உரிமை இல்லை.

அரீபாவுக்கு என் துஆ. அவள் பல்லில் கட்டியிருந்த கம்பியை எடுத்தாயிற்றா?

நுஸ்ஹத்


சமனாபாத், லாகூர்
9 அக்டோபர்

நுஸ்ஹத்,

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற கதைதான் உன் கடிதம். 'சொல்ல உரிமை இல்லை' என்று எழுதினாயே, அதைப் படித்ததும் என் மூக்கில் வியர்த்தது. மாமா மகன் தவ்கீர் போன வாரம் கராச்சியிலிருந்து வந்தான். "நுஸ்ஹத் ஆபாவைப் பார்த்தேன், 'தெஹ்லீஸ்' ஆபீஸ்ல பெரிய மேஜை போட்டு உட்கார்ந்திருக்காங்க, வெள்ளிக்கிழமைப் பக்கம் முழுக்க அவங்க கையிலதான்" என்று பெருமையாகச் சொல்கிறான் பாவி. கையிலிருந்த பருப்புத் தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

அம்மாவின் மேல் ஆணை வைத்தாயே! இறந்தவரை ஏன் இழுக்கிறாய்?

நான் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குள் பார் என்றாயே, பார்த்தேன். வேலைக்காரி பஷீரனிடம் 'அடுத்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போகிறோம், யாரிடமும் சொல்லாதே' என்றேன். மிஸஸ் லோதியிடம் 'ஃப்ரிட்ஜ் மாற்றப் போகிறோம்' என்றேன். இரண்டும் பச்சைப் பொய். எது பத்தியில் வருகிறது என்று வெள்ளிக்கிழமை விடியும்வரை காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. வந்தது வேறு.

"மேடம் ஒவ்வொரு ஈத் பெருநாளுக்கும் தன் சிஸ்டருக்காக ஒரு சூட் தைக்கிறார். தைத்து டிரங்கில் வைத்துப் பூட்டுகிறார். போஸ்ட் பண்ணுவதில்லை. அந்த வீட்டுத் தங்கைக்கு டைவர்ஸ் ஆனது. ஃபேமிலி கொஞ்சம் டிஸ்டன்ஸ் வைத்தது."

அச்சில், நுஸ்ஹத்! கடலை மடிக்கிற காகிதத்தில்!

டிரங்கின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. அந்தத் துணிகளைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தையல் மிஷினை வீட்டார் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அப்படியானால் யார்? அரீபா உனக்கு ரகசியமாகக் கடிதம் எழுதுகிறாளா? அவள் புத்தகங்களையெல்லாம் உதறிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கேட்டதற்கு, "அம்மீ, நீங்க துணி தைக்கிறது எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்று அழுதாள். நம்பவில்லை நான். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை.

பஷீரனை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். பெட்டிக்குப் பின்னால் கூட்டுகிறவள் அவள்தானே. "பேகம் சாஹிபா, எனக்குப் படிக்கவே தெரியாது, நான் எப்படிப் பேப்பர்ல எழுதுவேன்?" என்று வாசலில் நின்று கேட்டாள். வாய் இருக்கிறதே, அது போதாதா என்றேன். அரீபா தவழ்ந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இருந்தவள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அரீபாவின் அப்பா இந்த முறை பேப்பரைச் சுருட்டி எறிந்தார். "டிஸ்டன்ஸாம் டிஸ்டன்ஸ்! மனுஷன் வாயில வர்ற வார்த்தையா இது? நாசம் பண்ணிட்டா!" என்றார். பிறகு எழுந்து போய் எறிந்த பேப்பரை எடுத்து மடித்து வைத்தார். ஆத்திரத்தில் என்ன செய்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

பேகம் கிர்மானி போன் செய்தார். 'சும்மா டீ குடிக்க' வருகிறாராம், மாதக் கடைசியில். சும்மா டீ குடிக்க யாரும் மூன்று வாரத்துக்கு முன்னால் நாள் குறிப்பதில்லை.

என் மகளின் வாழ்க்கையை உன் பக்கத்தில் இடம் நிரப்ப எடுத்துக்கொண்டாய். உனக்கு வாழ்க்கை அமையவில்லை என்பதற்காக எங்களுக்கும் அமையக் கூடாதா? எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை. படித்துக்கொள்.

ஃபர்கந்தா


நாஜிமாபாத், கராச்சி
16 அக்டோபர்

ஆபா,

கடைசி வரியைப் படித்துக்கொண்டேன். இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. பஷீரன் வாசலில் நின்றாள் என்று எழுதியிருக்காவிட்டால் இன்னும் எழுதியிருக்க மாட்டேன்.

நீ பாதி சரி. அந்த இங்கிலீஷ் என்னுடையது.

வெள்ளிக்கிழமைப் பக்கம் லாகூருக்கும் சேர்த்து இங்கே கராச்சியில்தான் தயாராகிறது. எங்கள் முதலாளிக்கு இரண்டு கவலை. ஒன்று, இளசுகள் 'இது தாத்தா பேப்பர்' என்று தூக்கிப் போடக் கூடாது. இரண்டு, பேப்பர் வீட்டுப் பெண்கள் கையில் போகிறது, எந்த வார்த்தையும் முகத்தில் அறையக் கூடாது. அதனால் தலாக், பைத்தியம், கருப்பை, கடன் என்று எங்கே வந்தாலும் அதை எடுத்துவிட்டு இங்கிலீஷ் வார்த்தை வைக்க வேண்டும். எங்கள் மேஜையில் அதற்கு 'முக்காடு போடறது' என்று பெயர். "நுஸ்ஹத் பீபி, இந்தப் பத்திக்கு இன்னும் முக்காடு போடலையா?" என்று அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து நிற்பான். நான் போட்டுக் கொடுப்பேன். கை அதுவாகப் போடும். அதனால்தான் என் மிஸ்டேக் உன் கண்ணில் பட்டது. நல்ல மூக்கு உனக்கு. போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

ஆனால் பத்தி என்னுடையதில்லை. ஆணை ஆணைதான். அது தபாலில் வருகிறது. எழுதுகிறவர் யார் என்று இரண்டு வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உறையின் மேல் பத்திரிகை ஆசிரியர் பெயர் இருக்காது, என் பெயர் இருக்கும். பெயர் மறைத்து எழுதுகிறவரின் பெயரைச் சொல்வது எங்கள் தொழிலில் இல்லை, நீ என்னை வெட்டிப் போட்டாலும் சொல்ல மாட்டேன். பஷீரனும் இல்லை, அரீபாவும் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தப் பெண்ணைச் சாப்பிட வை. பஷீரன் வீட்டுக்கு நீயே போய்க் கூப்பிடு. ஆள் அனுப்பாதே.

எப்படி இதைப் போடத் துணிந்தாய் என்று கேட்பாய். ஆறு வருஷமாக நம் குடும்பத்தில் என் பெயரை யாரும் எடுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வரவில்லை, சாவுச் செய்தி வரவில்லை. சித்தப்பா இறந்ததை நான் 'காலமானார்' பத்தியைத் திருத்தும்போது தெரிந்துகொண்டேன். திடீரென்று ஒரு உறை வருகிறது, அதில் யாரோ என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் என்ன செய்வேன்? கிழித்துப் போட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அரீபாவின் நிச்சயம் உன் முதல் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகும் டிரங்குப் பத்தியைப் போட்டேன். அது என் தப்பு. மிஸ்டேக் இல்லை, தப்பு.

நீ எனக்குத் துணி தைக்கிறாய் என்று அந்தப் பத்தியைத் திருத்தும்போதுதான் எனக்குத் தெரியும். அன்று பக்கம் தாமதமாகத்தான் அச்சுக்குப் போனது. முதலாளி கத்தினார். கண்ணில் தூசி என்றேன்.

ஒன்று செய். கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பத்திகளை எடுத்து வைத்துக்கொள். இங்கிலீஷ் வருகிற இடத்திலெல்லாம் வீட்டு வார்த்தையைப் போட்டு வாய்விட்டுப் படி. யார் குரல் என்று உன் காதைக் கேள். கடைசிப் பத்தியில் நான் அதிகமாகவே கை வைத்துவிட்டேன். என்னிடம் வந்தது இப்படி இருந்தது:

"அந்த வீட்டுத் தங்கையை ஒருவன் தலாக் சொல்லி அனுப்பினான். அவள் எங்களிடம் வந்தாள். நாங்கள் கதவைச் சாத்தினோம்."

நான்தான் 'நாங்கள்' என்பதை 'ஃபேமிலி' ஆக்கினேன். பக்கத்து வீட்டுக்காரி 'நாங்கள்' என்றால் குட்டு உடைந்துவிடும் என்று அவருக்காகச் செய்தேன். எனக்கும் அந்த வரியைத் தாங்க முடியவில்லை என்பதும் உண்டு.

நுஸ்ஹத்


சமனாபாத், லாகூர்
4 நவம்பர்

நுஸ்ஹத்,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா?

உன் கடிதம் வந்த மறுநாள் அவர் கல்லூரிக்குப் போனதும் படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். முதலில் சோபா; தப்பு என்று போட்டேன், வரி உட்காரவில்லை. "உட்காருகிறவர் வழுக்கிக் கீழே விழுந்தால் அது விருந்தாளியின் பிழை." பிழை என்று நான் சொன்னதுமே தோளில் யாரோ கை வைத்தது போல இருந்தது. நம் வீட்டில் யார் 'பிழை' என்கிறார்கள்? எல்லோரும் தப்பு என்போம், அரீபாவின் அப்பா ஒருவரைத் தவிர. 'நாங்கள் கதவைச் சாத்தினோம்' என்ற இடத்துக்கு வந்தபோது என் வாயில் அவர் குரல்தான் வந்தது. 

வாரா வாரம் அவர் கத்தினாரே, அதை நான் வாசகனின் கோபம் என்று நினைத்தேன். தான் வைத்த குழம்பில் அடுத்தவள் உப்பைக் கொட்டினால் வருகிற கோபம் அது. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். இருபத்தைந்து வருஷமாக எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று நீ பெட்டியோடு வந்தபோது நான் பேசினேன், அவர் பேசாமல் இருந்தார். அதைப் பேச அவருக்கு ஆறு வருஷமும், பெண்பிள்ளை வேஷமும், ஒரு பத்திரிகையும் வேண்டியிருந்தது. நினைக்க நினைக்க எரிகிறது. உன் மேலும் எரிகிறது. இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைப் பற்றித் தபால் நடத்தியிருக்கிறீர்கள்.

அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

பஷீரன் வீட்டுக்கு நானே போனேன். என்னைத் திண்டாட விட்டுத்தான் வந்தாள். இனி பெட்டிக்குப் பின்னால் கூட்ட மாட்டாளாம்.

பேகம் கிர்மானி போன வியாழக்கிழமை வந்தார். அரீபாவின் அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு மூலை நாற்காலியில் இருந்தார். அரீபா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த அம்மாள் ஒரு கபாப் தின்றார், வாயைத் துடைத்தார், கேட்டார்.

"பஹன், துபாய்ல இருக்காங்களே உங்க தங்கச்சி, அவங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

பேப்பர் அசையவில்லை.  துபாயில் உனக்கு ஒரு கம்பெனியே வைத்துக் கொடுக்க என்னிடம் பதில் தயாராக இருந்தது. மூன்று வாரம் யோசித்து வைத்த பதில். வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

"அவ துபாய்ல இல்ல, கராச்சில இருக்கா. பேப்பர்ல வேலை. வீட்டுக்காரர் இல்ல."

"ஓ," என்றார் அந்த அம்மாள். பாவம், நல்ல மனசோடுதான் ஒரு வழி விட்டார். "ஸெப்பரேஷனா?"

"இல்ல. தலாக். அவன் இவளுக்குத் தலாக் சொல்லிட்டான். இவ எங்ககிட்ட வந்தா, நான் அவளை வெச்சுக்கல. துபாய்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, கெட்டிலை எடுத்து, பேகம் கிர்மானியின் கோப்பையில் தானே டீ ஊற்றினார். இந்த வீட்டில் அவர் டீ ஊற்றி நான் பார்த்ததில்லை. பாதி தட்டில்தான் ஊற்றினார்.

அவர்கள் போன பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார். "இன்னைக்கு நல்ல உருது பேசினே, ஃபர்கந்தா," என்றார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன், இல்லாவிட்டால் கோப்பையை எறிந்திருப்பேன்.

நேற்று கல்யாணத் தரகர் அம்மாள் மோதிரப் பெட்டியை வாங்கிப் போக வந்தாள். எங்கள் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர்களுடையதை எடுத்துக்கொண்டாள். பொய் சொன்ன குடும்பம் என்றார்களாம். அது உண்மைதான், நான் என்ன வாதாட? உள்ளே இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை அவர்கள் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு வலிக்கிறது, நுஸ்ஹத். அந்தப் பையனை எனக்குப் பிடித்திருந்தது. அரீபா ஒரு பகல் முழுக்க அழுதாள். மாலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "காலா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். சித்தி என்ற பேச்சையே ஆறு வருஷமாக நான் அவளிடம் எடுத்ததில்லை, பேப்பர்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறது. பல் கம்பியை எடுத்து நான்கு வருஷமாகிறது.

உங்கள் இருவரையும் நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான். அதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். லீவு கேள், ரயில் ஏறு. ஸ்டேஷனுக்கு அவரை அனுப்ப மாட்டேன், நானே வருவேன். உன்னோடு சண்டை போட வேண்டியது மலையளவு இருக்கிறது, டாங்கா வண்டியிலேயே ஆரம்பித்துவிடலாம்.

ஒரு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்ற பேச்சு வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு குஜ்ரான்வாலாவிலிருந்து யாரோ பெண் பார்க்க வருகிறார்கள் என்று அந்தத் தரகர் அம்மாளே சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் உள்ளே நுழையும்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிடிக்காதவர்கள் வாசலோடு திரும்பிப் போகட்டும். டீயாவது மிச்சம்.

உன் ஆபா,
ஃபர்கந்தா